வாலியின் வரமும் கர்லாக்கட்டையும்

பெரம்பலூரைத் தாண்டி சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் வாலிகண்டபுரம். இந்த ஊரின் பெயரிலேயே ஒரு பலசாலி உட்கார்ந்திருக்கிறான். கிஷ்கிந்தையை ஆண்ட வாலி இங்கே வந்து சிவனை வழிபட்டான் என்பது தல புராணம். கோயிலில் இருக்கும் சுவாமிக்கு வாலீஸ்வரர் என்று பெயர்.

வாலியின் வரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதிரே நின்று மோதுகிறவனின் பலத்தில் பாதி வாலிக்கு வந்துவிடும். அதனால்தான் ராமனே மறைந்து நின்று அம்பு விட வேண்டியதாயிற்று! புராணத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு யோசித்தால், இன்றைக்கு ஜிம்மில் 'ரெசிஸ்டன்ஸ் டிரெய்னிங்' என்று சொல்கிறார்களே, அதுவும் ஏறக்குறைய இதே சங்கதிதான். நம்மை எதிர்க்கும் ஒரு பொருளோடு தினமும் மோத வேண்டும். அதன் பலத்தில் கொஞ்சம் நம் தோளுக்கு வரும். வாலிக்கு வரமாகக் கிடைத்தது, மற்றவர்களுக்கு வியர்வை கொடுத்தால்தான் கிடைக்கும்.

கிரிக்கெட் மட்டை, ஹாக்கி மட்டை, பேஸ்பால் மட்டை, டென்னிஸ் ராக்கெட், சிலம்பக் கம்பு... இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு காரியம் வீச்சு. அந்த வீச்சுக்குப் பலமும் திறமையும் சேர்த்துக் கொடுக்க உலகம் பல கருவிகளைச் செய்து பார்த்திருக்கிறது. அவற்றில் மிகப் பழைய ஒன்று நம்மிடமே இருக்கிறது. அதுதான் கர்லாக்கட்டை. அது இங்கிருந்து கிளம்பி லண்டன், நியூயார்க் வழியாக ஒலிம்பிக் வரை போய், கடைசியில் வேறு பெயரோடு நம்மூர் ஜிம்முக்கே திரும்பி வந்த கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கட்டைக்குள் இருக்கும் கணக்கு

கர்லாக்கட்டையைப் பார்க்காதவர்கள் குறைவு. பழைய தமிழ்ப் படங்களில் வில்லனின் அடியாட்கள் பனியன் போட்டுக்கொண்டு தோளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருப்பார்களே, அதே கட்டைதான். பிடி ஒல்லியாக இருக்கும், போகப் போகப் பருத்து முனையில் தடிமனாக முடியும். கனமான மரத்தைக் கடைசல் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்குவார்கள். அளவையும் உபயோகத்தையும் வைத்து கை கர்லா, புஜ கர்லா, குஸ்தி கர்லா என்றெல்லாம் பயிற்சியாளர்கள் பிரித்துச் சொல்வதுண்டு.

டம்பெல்லிலும் எடை இருக்கிறது, இதிலும் எடை இருக்கிறது. பிறகு என்ன வித்தியாசம்? டம்பெல்லின் எடை கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் சமமாக, உள்ளங்கையை ஒட்டி இருக்கும். கர்லாக்கட்டையின் எடை கையை விட்டுத் தள்ளி முனையில் இருக்கும். பள்ளிக்கூட இயற்பியலில் 'நிலைமத் திருப்புத்திறன்' என்று ஒன்று படித்திருப்போம். சுற்றும் பொருளின் எடை, சுற்றும் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அந்தத் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப அதைச் சுழற்றும் சிரமம் கூடும். அதாவது ஒரு கிலோ எடை பிடியிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருப்பதற்கும் 60 செ.மீ. தள்ளி இருப்பதற்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் அல்ல, நான்கு மடங்கு வித்தியாசம்!

அதனால் சின்னக் கட்டையே பெரிய வேலை வாங்கும். சுற்ற ஆரம்பிக்கும்போது தோள் தள்ள வேண்டும், வேகம் வந்த பிறகு பிடி இழுக்க வேண்டும், நிறுத்தும்போது முதுகு தாங்க வேண்டும். இடையில் மணிக்கட்டு கொஞ்சம் ஏமாந்தாலும் கட்டை தன் இஷ்டத்துக்குப் போய் மண்டையிலோ முழங்காலிலோ இடிக்கும். தப்பாகச் சுற்றினால் கட்டையே சொல்லிவிடும். பலத்தையும் திறமையையும் ஒரே நேரத்தில் சோதிக்கிற கருவி இது.

கரடிக்கூடத்தில் கரடி இல்லை

தமிழ்நாட்டில் மல்லர்களுக்கு இருந்த மரியாதைக்கு ஊர்ப் பெயர்களே சாட்சி. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நரசிம்மவர்ம பல்லவனுக்கு மாமல்லன் என்பது பட்டப்பெயர். மாமல்லபுரம் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் எழுதிய மானசோல்லாசம் என்ற வடமொழி நூலில் மல்யுத்தத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அதில் மல்லர்களைத் தரம் பிரிப்பது, அவர்களுக்குச் சாப்பாடு போடுவது, பயிற்சி கொடுப்பது எல்லாம் வருகிறது. எல்லா மல்லனுக்கும் ஒரே பயிற்சி என்ற பேச்சே இல்லை. ஆளைப் பார்த்துத்தான் அளவு.

பயிற்சி செய்யும் இடத்துக்குப் பழைய தமிழில் கரடிக்கூடம் என்று பெயர். (கரடிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! கன்னடத்திலும் 'கரடி மனை' என்கிறார்கள்.) இதற்கு இன்னொரு பெயர் தாலீம்கானா. அங்கே புழங்கும் சொற்களைக் கவனித்தால் ஒரு சரித்திரமே தெரியும். பயில்வான் என்பது பாரசீகத்து 'பஹ்லவான்'. தாலீம் என்பது அரபு மொழியிலிருந்து உருது வழியாக வந்தது. குஸ்தியும் பாரசீகம்தான். ஈரானில் 'ஜூர்கானே' என்ற பயிற்சிக் கூடங்களில் இன்றைக்கும் 'மீல்' என்ற பெரிய மரக்கட்டைகளைத் தோளில் சுற்றுகிறார்கள். 2010ல் யுனெஸ்கோ அந்தப் பழக்கத்தை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வட இந்திய அகாடாக்களில் இதே கட்டை முக்தர், ஜோடி என்ற பெயர்களில் இருக்கிறது. மூங்கில் கழியின் முனையில் கல் உருண்டையைச் செருகினால் அது கதை, ஹனுமார் கையில் இருப்பது.

ஆக, கர்லாக்கட்டையை ஒரே ஊருக்கோ ஒரே மதத்துக்கோ சொந்தம் கொண்டாட முடியாது. படைவீரர்களும் பயில்வான்களும் போன இடமெல்லாம் அதுவும் போயிருக்கிறது.

கம்பெனிப் படை கண்டது

இங்கேதான் வாலிகண்டபுரம் மறுபடியும் வருகிறது. ஆங்கிலேயரின் ஏடுகளில் இந்த ஊர் 'வால்கொண்டா'. 1751ல் ஆற்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிக்கொண்டபோது, முகமது அலிக்கு ஆதரவாக வந்த ஆங்கிலக் கம்பெனியின் படையும் சந்தா சாகிபோடு இருந்த பிரெஞ்சுக்காரர்களும் இந்தப் பகுதியில் மோதினார்கள். கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் வந்த ஆங்கிலப் படை பீதியடைந்து பின்வாங்கித் திருச்சி நோக்கி ஒதுங்கியது. அந்தப் படையோடு இருந்த இளைஞர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். சில மாதங்களில் அவர் ஆற்காட்டைப் பிடித்ததும் சரித்திரமே மாறியதும் தனிக் கதை.

இந்தப் போரில் கர்லாக்கட்டை இல்லை. ஆனால் இதில் தொடங்கி 1799ல் திப்பு வீழும் வரை, அரை நூற்றாண்டு காலம் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் உள்ளூர்ச் சிப்பாய்களும் தென்னிந்தியா முழுக்க ஒன்றாகவே கூடாரம் போட்டார்கள், ஒன்றாகவே நடந்தார்கள். இந்தியா முழுக்க இப்படி அமைந்த முகாம்களில்தான் ஆங்கிலேய அதிகாரிகள் நம் சிப்பாய்கள் காலையில் கட்டை சுற்றுவதைப் பார்த்தார்கள். சிப்பாய்களிடமும் போலீஸ்காரர்களிடமும் இந்தப் பயிற்சிக்குப் பெரிய மதிப்பு இருந்தது என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வியந்து எழுதிய குறிப்பு 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களில் எடுத்துக் காட்டப்படுகிறது. பீரங்கியும் துப்பாக்கியும் வைத்திருந்தவர்கள், தோற்றவனிடமிருந்து மரக்கட்டையைக் கற்றுக்கொண்டார்கள்!

பெயர் இந்தியா, லாபம் வேறு

லண்டனில் டொனால்ட் வாக்கர் என்பவர் 1834ல் ஆண்களுக்கான உடற்பயிற்சிகள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் பெண்களுக்கும் ஒன்று. அவர் எழுத்துகள் வழியாக 'இந்தியன் கிளப்' என்ற பெயர் பிரபலமானது. பெண்களுக்காக இன்னும் லேசாகச் செய்ததற்கு 'இந்தியச் செங்கோல்' என்று பெயர் வைத்தார்கள். நம்மூர் பயில்வான் தூக்கிய கனம் அங்கே போகவில்லை. இராணுவ டிரில்லுக்கும் வீட்டுக் கூடத்துக்கும் ஏற்ற மாதிரி கட்டை இளைத்துவிட்டது.

1860களின் தொடக்கத்தில் இங்கிலாந்து போன சிம் கெஹோ என்ற அமெரிக்கர் இந்தக் கட்டையைப் பார்த்தார். அவர் வியாபாரி. நியூயார்க் திரும்பி, எடை வாரியாகக் கட்டைகளைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். 1866ல் 'இந்தியன் கிளப் பயிற்சி' பற்றிப் படங்களோடு புத்தகமும் போட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதி கிராண்டுக்கு ஒரு ஜோடி கட்டையை அன்பளிப்பாக அனுப்பி, அவர் நன்றி சொல்லி எழுதிய கடிதத்தை விளம்பரமாக்கிக்கொண்டார். பொருள், எடை வாரியாக ரகங்கள், அதைப் பயன்படுத்தச் சொல்லித் தரும் புத்தகம், பிரபலத்தின் சிபாரிசு... இன்றைய மார்க்கெட்டிங் வகுப்பில் சொல்லித் தரும் அத்தனையும் 1866லேயே முடிந்துவிட்டது. நம்மூரில் கடைசல்காரர் ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் செய்த பொருள், அங்கே கடைச் சரக்காகிவிட்டது.

அடுத்து ஒலிம்பிக். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் கட்டை சுற்றுதல் ஒரு போட்டி. கலந்துகொண்டவர்கள் மூன்றே பேர், மூவரும் அமெரிக்கர்கள். எட்வர்ட் ஹென்னிக் தங்கம் வென்றார். பிறகு 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மறுபடியும் வைத்தார்கள். இந்த முறை நான்கு பேர், மூன்று அமெரிக்கர்கள், ஒரு மெக்சிகோக்காரர். தங்கம் ஜார்ஜ் ராத்துக்கு. அது பொருளாதாரப் பெருமந்த காலம், ராத்துக்கு வேலை இல்லை. பல்லாயிரம் பேர் முன்னிலையில் பதக்கம் வாங்கிவிட்டு, வெளியே வந்து சாலையில் போன வண்டியில் லிப்ட் கேட்டு வீட்டுக்குப் போனார் என்று சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 'இந்தியன் கிளப்' போட்டியில் இரண்டு முறையும் ஒரு இந்தியர்கூட இல்லை. இத்தனைக்கும் 1932ல் இந்தியர்கள் அதே லாஸ் ஏஞ்சல்ஸில்தான் இருந்தார்கள். தியான் சந்தும் அவர் தம்பி ரூப் சிங்கும் அடங்கிய ஹாக்கி அணி அமெரிக்காவை 24-1 என்று துவைத்துத் தங்கம் வாங்கியது. வீச்சு விளையாட்டில் உலகத்துக்கே பாடம் எடுத்தவர்கள், வீச்சுப் பயிற்சியின் போட்டியில் பெயராக மட்டும் இருந்தார்கள்.

அந்த ஒலிம்பிக்கோடு அந்தப் போட்டி நின்றுபோனது. அதன் ஒரு கிளை மட்டும் 1984ல் பெண்களுக்கான ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் மெல்லிய 'கிளப்' ஆக ஒலிம்பிக்குக்குள் திரும்பி வந்தது. அதில் கனமே கிடையாது. முழுக்க முழுக்கக் கையின் நேர்த்திதான்.

சாண்டோ வந்தார்

கட்டை இங்கிருந்து போன அதே காலத்தில் அங்கிருந்து வேறு ஒன்று வந்தது. ஜெர்மனியில் பிறந்த யூஜின் சாண்டோ 1904-05 வாக்கில் இந்தியாவுக்கு வந்து காட்சிகள் நடத்தினார். டம்பெல், ஸ்பிரிங் வைத்த கருவிகள், தபாலில் பாடம் என்று அவர் ஒரு வியாபார சாம்ராஜ்யமே நடத்தியவர். தசை தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்பது அவர் வழி. அவர் பெயர் தமிழில் ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. கோவையில் உடற்பயிற்சியில் பேர் வாங்கி, பின்னாளில் எம்.ஜி.ஆரை வைத்து வரிசையாகப் படம் எடுத்த சின்னப்பா தேவர் கடைசி வரை 'சாண்டோ' சின்னப்பா தேவர்தான்.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒன்று கவனிக்க வேண்டும். அவர்கள் நம்மிடம் வாங்கியது ஒரு சுற்றும் கருவி. நாம் அவர்களிடம் வாங்கியது தூக்கும் கருவி. தூக்குவதில் எடை மேலும் கீழும் போகும், புஜம் பெருக்கும், கண்ணாடியில் நன்றாகத் தெரியும். சுற்றுவதில் கிடைப்பது தோள் மூட்டின் இணக்கம், பிடியின் உறுதி, இடுப்பிலிருந்து கைக்குப் பலம் போய்ச் சேரும் வழி. இவை எதுவும் போட்டோவில் விழாது. டம்பெல் ஜெயித்ததில் ஆச்சரியம் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராகக் கரடிக்கூடங்கள் மூடப்பட, கர்லாக்கட்டை சினிமா அடியாளின் அடையாளமாகச் சுருங்கியது.

அமெரிக்க மட்டையும் ஒரு ஏமாற்றமும்

சரி, இதற்கும் இன்றைய விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்? பேஸ்பாலைப் பார்க்க வேண்டும். பேஸ்பாலில் அடிக்கப் போகும் வீரர் தன் முறைக்குக் காத்திருக்கும்போது இரண்டு மூன்று மட்டைகளைச் சேர்த்துப் பிடித்து வீசிப் பார்ப்பது பழைய வழக்கம். 1960களில் அதற்குப் பதிலாக, மட்டையின் தடித்த பக்கத்தில் மாட்டும் ஒரு கனமான வளையம் வந்தது. உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை. அவர்கள் அதை 'டோனட்' என்றார்கள். இதைப் பரப்பியவர் நியூயார்க் யாங்கீஸ் அணியின் எல்ஸ்டன் ஹோவர்ட், அந்த அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரர். முனையில் எடையை மாட்டியதும் மட்டை கிட்டத்தட்ட கர்லாக்கட்டை ஆகிவிட்டது!

கனமான மட்டையை வீசிவிட்டு வளையத்தைக் கழற்றினால் மட்டை இறகு மாதிரி இருக்கும். வீச்சு வேகமானதாகத் தோன்றும். பல வருஷம் எல்லோரும் அப்படியே நம்பினார்கள். ஆனால் 1992ல் வெளியான ஓர் ஆய்வில் ஹவாய் பல்கலைக்கழகத்தின் டெரென் குழுவினர் பலவித எடைகளால் வார்ம்-அப் செய்ய வைத்து வேகத்தை அளந்தபோது, டோனட் மாட்டி வீசியவர்களின் வேகம்தான் குறைந்திருந்தது. விளையாடும் மட்டையின் எடைக்குச் சுமார் 10 சதவீத அளவு கூடக் குறைய இருந்த மட்டைகள்தான் நல்ல வேகம் கொடுத்தன. 2002ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். கனமான மட்டைக்குப் பிறகு வீசும்போது வீரருக்கு வேகம் கூடியதாகத் தோன்றும், உண்மையில் முதல் வீச்சின் வேகம் குறைந்திருக்கும். கை சொல்வது ஒன்று, கருவி அளப்பது ஒன்று.

காரணம் எளிது. வீச்சு என்பது பலம் மட்டும் அல்ல, நேரம். எந்தத் தசை எந்த நொடியில் இயங்க வேண்டும் என்ற வரிசை. எடை அளவுக்கு மீறினால் அந்த வரிசையே மாறிவிடுகிறது. உடம்பு வேறொரு வீச்சைக் கற்றுக்கொள்கிறது. ஒன்றேகால் கிலோ கிரிக்கெட் மட்டையால் ஆடப் போகிறவர் அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஐந்து கிலோவைச் சுற்றிவிட்டுப் போனால் டைமிங் போய்விடும். அதே ஐந்து கிலோவை ஆட்டம் இல்லாத நாட்களில், மாதக்கணக்கில், படிப்படியாகச் சுற்றினால் தோளும் பிடியும் உறுதியாகும். கட்டை அதேதான். எப்போது, எவ்வளவு என்பதில்தான் நன்மையும் கெடுதலும்.

நல்ல வாத்தியார்கள் செய்வதும் இதைத்தானே! முதலில் லேசான கட்டை. சுற்று பிசகாமல் வந்த பிறகுதான் அடுத்த கட்டை. ஆளைப் பார்த்து, வயசைப் பார்த்து அளவு. மானசோல்லாசம் மல்லர்களைத் தரம் பிரித்ததும், டெரென் மட்டைகளை எடை பிரித்ததும் ஒரே கவலையில்தான்.

திரும்பி வந்த கட்டை

2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்காட் சொன்னன் என்பவர் இரும்பில் செய்த கட்டையைக் 'கிளப்பெல்' என்ற வணிகப் பெயரில் கொண்டு வந்தார். கதையின் இரும்பு வடிவம் 'ஸ்டீல் மேஸ்' ஆனது. இன்று நம்மூர் நவீன ஜிம்களிலும் இணையக் கடைகளிலும் இவை கிடைக்கின்றன. கூடவே மரக் கர்லாக்கட்டைக்கும் மவுசு வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அதைச் சொல்லித் தரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். சந்தோஷமான விஷயம்.

ஆனால் ஒரு ஆபத்தும் கூடவே வருகிறது. மேற்கே போனபோது கட்டை கனத்தை இழந்து அலங்காரமானது. இப்போது திரும்பி வரும்போது வீடியோ பார்த்துக் கனமான கட்டையை ஆர்டர் செய்து முதல் நாளே சுற்றுகிறவர்கள் கையில் அது அளவை இழக்கிறது. தோள் மூட்டு உடம்பிலேயே அதிகம் அசையக்கூடிய மூட்டு, அதனாலேயே சுலபமாகக் கழன்றுகொள்ளக்கூடிய மூட்டும்கூட. "நம் முன்னோர் சுற்றினார்கள்" என்ற பெருமை தோள்பட்டையின் ஜவ்வுக்குத் தெரியாது.

வெள்ளைக்காரன் திருடிவிட்டான் என்று கோபப்படுவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. பாரசீகத்தோடு நமக்கு இருந்த கொடுக்கல் வாங்கலைப் போலத்தான் அதுவும். அவர்கள் எழுதி வைத்தார்கள், படம் போட்டார்கள், அளந்து பார்த்தார்கள். நம் வாத்தியார்களில் பலருடைய அறிவு அவர்களோடு போய்விட்டது. நஷ்டக் கணக்கு எழுதுவதென்றால் அங்கேதான் எழுத வேண்டும். இன்றைக்குச் சொல்லித் தருகிறவர்களின் சுற்றுகளைப் பெயரோடு, எடையோடு, யாருக்கு எந்த வயசில் என்ற விவரத்தோடு எழுதி வைக்க ஒரு உடற்கல்வித் துறை முன்வந்தால் போதும். நம்மூர்ப் பையன்கள் கிரிக்கெட் வலைப்பயிற்சிக்குப் போவதற்கு முன் எந்தக் கட்டையை எத்தனை நாள் சுற்றலாம் என்பதற்கு நம்மூரிலேயே பதில் இருக்கும்.

கட்டை கடைந்து தரப் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன, மரமும் கிடைக்கிறது. ஆளின் தோளைப் பார்த்ததும் "உனக்கு இது போதும், பெரிசை அப்புறம் தொடலாம்" என்று சொல்லக்கூடிய ஆட்கள்தான் குறைவு. அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், கட்டை வாங்குவதற்கு முன்னால் அவரைப் போய்ப் பாருங்கள்.